கலிஃபோர்னியா வாக்குச்சீட்டு: ப்ராபோசிஷன்களையும் வேட்பாளர்களையும் எப்படி முடிவு செய்வது?

ஊரில் ஓட்டுப் போட்டுப் பழகிவிட்டு, பிறகு அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, கலிஃபோர்னியாவில் முதல்முறையாக வாக்குச்சீட்டைப் பிரிப்பவர்களுக்கு அது மலைப்பாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் ஒரு தேர்தலுக்கு ஒரு தொகுதி, ஒரு பொத்தான். இங்கே கவர்னர், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர், இன்சூரன்ஸ் கமிஷனர், நீதிபதிகள், பள்ளி வாரியம், தண்ணீர் வாரியம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். போதாததற்குச் சட்டங்களையும் நம்மிடமே அனுப்பி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்பார்கள். இதைத்தான் ப்ராபோசிஷன், சுருக்கமாக ப்ராப், என்கிறார்கள். 2024 நவம்பரில் மாநில அளவிலான ப்ராபோசிஷன்கள் மட்டும் 10 இருந்தன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் கவர்னர் யார், செனட்டர் யார் என்பதில்தான் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். ப்ராபோசிஷன்களைக் கடைசி நாள் இரவில் அவசரமாக நிரப்புகிறார்கள். இது தலைகீழாக இருக்க வேண்டும். கவர்னர் சரியில்லை என்றால் நான்கு வருடத்தில் மாற்றலாம். ப்ராபோசிஷனாக நிறைவேறிய சட்டமோ பல சமயம் உங்கள் பிள்ளைகள் காலத்திலும் அப்படியே இருக்கும். அதனால் முதலில் ப்ராபோசிஷன்கள், அப்புறம் உள்ளூர் வரிகள், பிறகு சின்னப் பதவிகள், கடைசியில் பெரிய பதவிகள். நான் சொல்லும் வரிசை இதுதான்.

மேஜைமேல் இருக்க வேண்டியவை

பதிவு செய்த ஒவ்வொரு வாக்காளருக்கும் தேர்தலுக்கு சுமார் ஒரு மாதம் முன்பே தபாலில் வாக்குச்சீட்டு வந்துவிடும். அதோடு இரண்டு புத்தகங்கள் வரும். ஒன்று மாநிலம் அனுப்பும் வாக்காளர் வழிகாட்டி; ப்ராபோசிஷன்கள் அதில் இருக்கும். இன்னொன்று உங்கள் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அனுப்புவது. உள்ளூர் வரிகளும் வேட்பாளர்களின் சொந்த அறிமுகக் குறிப்புகளும் அதில் இருக்கும். மாநிலப் புத்தகம் இந்தியிலும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் சட்டம் படிக்கச் சிரமப்படும் அப்பா அம்மாவுக்காக, தமிழில் மாதிரி வாக்குச்சீட்டு கிடைக்குமா என்று கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

அடுத்து, உங்கள் முகவரிக்கு எந்தத் தொகுதி என்று பாருங்கள். 2025 நவம்பர் சிறப்புத் தேர்தலில் ப்ராப் 50 நிறைவேறியதால் காங்கிரஸ் தொகுதிகளின் எல்லைகள் மாறிவிட்டன. போன தடவை யாருக்குப் போட்டீர்களோ அவர் 2026 நவம்பர் 3 தேர்தலில் உங்கள் சீட்டில் இல்லாமல் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் மாநிலத் தேர்தலிலோ தேசியத் தேர்தலிலோ வாக்களிக்கக் கூடாது. டிரைவிங் லைசன்ஸ் விண்ணப்பத்தில் தவறாக ஒரு கட்டத்தை டிக் செய்ததால் பதிவாகிவிட்டாலும்கூட, வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்துவிட்டாலும்கூட, அதைத் தொடாதீர்கள். நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம் அது. கவுண்டிக்குச் சொல்லிப் பதிவை ரத்து செய்யுங்கள். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமும் பேசிவிடுங்கள்.

முதல் கேள்வி: நிறைவேறினால் இதை யார் மாற்ற முடியும்?

1911-ல் கவர்னர் ஹைரம் ஜான்சன் காலத்தில்தான் கலிஃபோர்னியாவுக்கு இந்த முறை வந்தது. சதர்ன் பசிஃபிக் ரயில்வே கம்பெனி சட்டமன்றத்தையே கைக்குள் வைத்திருந்தது என்ற கோபத்தில், மக்களே நேரடியாகச் சட்டம் இயற்றவும், சட்டமன்றம் போட்ட சட்டத்தை நிறுத்தவும், பதவியில் இருப்பவரை இறக்கவும் வழி செய்தார்கள். நல்ல நோக்கம். ஆனால் அந்தக் கதவு இன்று கம்பெனிகளுக்கும் திறந்தே இருக்கிறது.

ஒவ்வொரு ப்ராபோசிஷனும் எந்த வகை என்பது தலைப்பிலேயே சின்ன எழுத்தில் இருக்கும். அதை முதலில் பாருங்கள்.

கையெழுத்து திரட்டிக் கொண்டுவரப்படும் சாதாரணச் சட்டத்துக்கு இப்போது 5,46,651 கையெழுத்து வேண்டும். இது கடந்த கவர்னர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீதம். அரசியல் சாசனத் திருத்தம் என்றால் 8 சதவீதம், அதாவது 8,74,641. மளிகைக்கடை வாசலில் பேனாவை நீட்டுபவர்களில் பலர் கையெழுத்துக்கு இத்தனை டாலர் என்று கூலி வாங்குபவர்கள். அது சட்டப்படியான வேலைதான்; அவர்கள்மேல் வருத்தம் வேண்டாம். ஆனால் முக்கியமாகப் பணம் தருபவர்கள் யார் என்ற தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கையெழுத்து மூலம் வந்த சட்டத்தை, அந்தச் சட்டமே அனுமதித்தால் ஒழிய, சட்டமன்றம் பிறகு திருத்த முடியாது. மறுபடி மக்களிடம்தான் வர வேண்டும். 2020-ல் நிறைவேறிய ப்ராப் 22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் போன்ற கம்பெனிகளின் ஓட்டுநர்கள் ஊழியர்கள் அல்ல, சுயதொழில் செய்பவர்கள் என்று அது சொன்னது. ஓட்டுநர்களுக்கு நல்லதா கெட்டதா என்று எல்லோரும் விவாதித்தார்கள். ஆனால் உள்ளே ஒரு வரி இருந்தது: இதைத் திருத்த சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும். நடைமுறையில் அது நடக்காத காரியம். ஓட்டுநர்கள் பற்றிய உங்கள் கருத்து எதுவானாலும், இப்படிப் பூட்டுப் போட்ட சட்டத்துக்கு 'யெஸ்' சொல்வதற்கு முன் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும் என்பேன்.

பூட்டு எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்க்க ப்ராப் 13 போதும். 1978 ஜூனில் ஹோவர்ட் ஜார்விஸ் முன்னின்று கொண்டுவந்தது. சொத்து வரியின் அடிப்படை விகிதம் மதிப்பில் 1 சதவீதம். மதிப்போ வாங்கிய விலையிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. விலைவாசி ஏறிய வேகத்தில் வரி கட்ட முடியாமல் வயதானவர்கள் வீட்டை இழக்கும் பயத்தில் இருந்த காலம் அது. அதில் நியாயம் இருந்தது. இன்று ஒரே தெருவில் ஒரே மாதிரி வீடு, பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் வரியைப் போலப் பல மடங்கு நீங்கள் கட்டுவதற்குக் காரணமும் அதுவே. அதே சட்டம்தான் மாநில வரிகளை உயர்த்த சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவையும் கட்டாயமாக்கியது. வணிகச் சொத்துகளுக்கு மட்டும் அந்தச் சொத்து வரி வரம்பை மாற்றப் பார்த்த ப்ராப் 15, 2020-ல் தோற்றது. 1978-ல் வாக்களித்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் முடிவு இருக்கிறது.

சட்டமன்றமே மக்களிடம் அனுப்பும் ப்ராபோசிஷன்களும் உண்டு. அரசியல் சாசனத்தை மக்கள் ஒப்புதல் இல்லாமல் தொட முடியாது என்பதால் இவை வருகின்றன. பொதுவாக இவை குழு விசாரணை, விவாதம் எல்லாம் கடந்து வந்தவை. அதனால் நல்லவை என்று அர்த்தமில்லை. ஆனால் வரைவுப் பிழைகள் குறைவாக இருக்கும்.

'யெஸ்' என்றால் என்ன, 'நோ' என்றால் என்ன

2008-ன் ப்ராப் 8 ஒருபாலினத் திருமணத்தைத் தடை செய்தது. அந்தத் திருமணத்தை ஆதரிப்பவர் 'நோ' போட வேண்டும். கேள்விப்பட்ட கொள்கையை ஆதரிக்கிறோம் என்பதற்காக 'யெஸ்' போட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். (அந்த வாசகத்தை 2024-ல் ப்ராப் 3 வாயிலாக மக்களே நீக்கினார்கள்.)

ரெஃபரெண்டம் இன்னும் குழப்பும். சட்டமன்றம் போட்ட சட்டத்தை எதிர்ப்பவர்கள் கையெழுத்து திரட்டினால், மக்கள் முடிவு சொல்லும்வரை அந்தச் சட்டம் நிறுத்திவைக்கப்படும். 2014-ல் கையெழுத்தான பிளாஸ்டிக் பைத் தடைச் சட்டம் இப்படித்தான் 2016 நவம்பர் வரை காத்திருந்தது. பை தயாரிப்பாளர்கள் கேட்ட ப்ராப் 67-ல் 'யெஸ்' என்றால் தடை வேண்டும். 'நோ' என்றால் பை வேண்டும். தோற்றாலும் அவர்களுக்குக் காலம் கிடைத்துவிட்டது. இந்தக் குழப்பத்தைப் போக்க 2023-ல் சட்டம் கொண்டுவந்தார்கள்: ரெஃபரெண்டத்துக்கு மட்டும் இனி 'சட்டத்தை வைத்திரு', 'சட்டத்தை நீக்கு' என்று கேட்பார்கள்.

மற்றவை எல்லாவற்றுக்கும் ஒரு தாளில் உங்கள் சொந்த வார்த்தையில், தமிழிலேயே, இரண்டு வரி எழுதுங்கள்: யெஸ் ஜெயித்தால் மறுநாள் எது மாறும், நோ ஜெயித்தால் எது அப்படியே இருக்கும். இரண்டாவது வரியை எழுத முடியவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள். விளம்பரங்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வரியைத்தான் மறைக்கும்.

எந்த வரிசையில் படிப்பது

தலைப்பையும் சுருக்கத்தையும் எழுதுபவர் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல். அவரும் கட்சி அரசியலில் ஜெயித்து வந்தவர்தான். 2018-ல் பெட்ரோல் வரி உயர்வை ரத்து செய்யும் ப்ராப் 6 வந்தபோது, சீட்டில் இருந்த தலைப்பு 'சாலைச் சீரமைப்பு, போக்குவரத்துக்கான சில நிதிகளை நீக்குகிறது' என்று தொடங்கியது. பொய்யில்லை. ஆனால் வரி ரத்து என்று தொடங்கியிருந்தால் எத்தனை பேர் வேறு மாதிரிப் போட்டிருப்பார்கள்? அது தோற்றது.

ஆகவே தலைப்பைத் தாண்டி நேராக சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகத்தின் ஆய்வுக்குப் போங்கள். கட்சி சாராத அலுவலகம் அது. 1941 முதல் இருக்கிறது. இப்போதைய சட்டம் என்ன, புதிதாக என்ன மாறும், மாநிலத்துக்கு எவ்வளவு செலவு அல்லது வரவு என்று மூன்றையும் சொல்லும். புத்தகத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்றால் அதைப் படியுங்கள்.

அப்புறம் கடைசிப் பக்கங்களில் உள்ள சட்ட வாசகம். முழுவதும் படிக்கச் சொல்லவில்லை. கோடு போட்டு அடித்திருப்பது நீக்கப்படுவது, சாய்வெழுத்தில் இருப்பது சேர்க்கப்படுவது. கடைசிப் பிரிவுகளை மட்டும் பாருங்கள். திருத்தும் விதி, மற்றொரு ப்ராபோசிஷனோடு மோதினால் என்ன என்ற விதி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். முரண்பட்ட இரண்டும் ஜெயித்தால், அதிக வாக்கு வாங்கியது செல்லும்.

ஆதரவு, எதிர்ப்பு வாதங்களைக் கடைசியில் படியுங்கள். வாதத்தைவிட அடியில் கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் யார் என்பது அதிகம் சொல்லும். வழக்கமாக எதிரெதிராக இருக்கும் இரண்டு தரப்பு ஒரே பக்கம் கையெழுத்திட்டிருந்தால் நின்று கவனியுங்கள். எதிர்ப்பு வாதமே இல்லாமலும் சில வரும். சிறைக்கைதிகளைக் கட்டாய வேலை வாங்குவதை ஒழிக்கும் 2024-ன் ப்ராப் 6-க்கு எதிர்ப்பு வாதம் யாரும் கொடுக்கவில்லை, இருந்தும் தோற்றது. வாதம் இல்லை என்றால் சிக்கல் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள், இரண்டு பக்கமும் நீங்களே யோசிக்க வேண்டியிருக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது

மாநிலச் செயலரின் கால்-ஆக்சஸ் தளத்தில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்க்கலாம். டிவி விளம்பரத்தின் இறுதியில் பெரிய நன்கொடையாளர்களின் பெயர் வரும். அதையும் நிறுத்திப் படியுங்கள். பணம் கொடுத்தாலே கெட்டது என்பதில்லை, தொழிற்சங்கமும் கொடுக்கும், கம்பெனியும் கொடுக்கும், கோடீஸ்வரரும் கொடுப்பார். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது நிறைவேறினால் இவருக்கு என்ன லாபம்?

2022-ன் ப்ராப் 30 மின்சார கார்களுக்கும் காட்டுத்தீத் தடுப்புக்கும் பணம் திரட்ட, வருடம் 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குக் கூடுதல் வரி போடச் சொன்னது. கேட்க நன்றாக இருந்தது. பெரும் பணம் கொடுத்தது லிஃப்ட் கம்பெனி. அதன் ஓட்டுநர்கள் மின்சார காருக்கு மாற வேண்டும் என்று மாநிலம் ஏற்கெனவே விதி போட்டிருந்தது. ஜனநாயகக் கட்சி ஆதரித்தது, அதே கட்சியின் கவர்னர் நியூசம் எதிர்த்து விளம்பரத்தில் பேசினார். தோற்றது. அதே தேர்தலில் சூதாட்டம் பற்றிய ப்ராப் 26, 27 இரண்டுக்கும் சேர்த்து 40 கோடி டாலருக்கு மேல் செலவானது. இரண்டும் தோற்றன. ஆக, பணம் எப்போதும் ஜெயிப்பதில்லை. படித்துப் போடும் ஓட்டுக்கு மதிப்பு இருக்கிறது.

2024-ன் ப்ராப் 34 இன்னும் நுட்பமானது. மருந்துத் தள்ளுபடியில் வரும் வருமானத்தை நோயாளிகளுக்கே செலவழிக்க வேண்டும் என்று சொன்னது. யார் மறுப்பார்கள்? ஆனால் வாசகம், எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன் என்ற ஒரே அமைப்புக்குப் பொருந்தும்படி செதுக்கப்பட்டது என்று விமர்சகர்கள் காட்டினார்கள். வாடகைக் கட்டுப்பாட்டு ப்ராபோசிஷன்களுக்குத் தொடர்ந்து பணம் தருவது அந்த அமைப்பு. ப்ராப் 34-க்குப் பணம் கொடுத்தது அடுக்குமாடி உரிமையாளர்கள் சங்கம். மயிரிழையில் நிறைவேறியது. அந்த அமைப்பு செய்வது சரியா தவறா என்பது வேறு விஷயம். ஒரு சண்டையில் எதிராளியை முடக்கச் சட்டம் எழுதலாமா என்பதைத்தான் வாக்காளர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. புத்தகத்தின் சுருக்கத்தில் அந்தக் கேள்வியே கிடையாது.

கடன்பத்திரங்களும் உள்ளூர் வரிகளும்

பாண்ட் என்றால் கடன். 2024-ன் ப்ராப் 4 தண்ணீர், காட்டுத்தீ, பருவநிலைக்காக 1,000 கோடி டாலர் கடன் வாங்கச் சொன்னது. ஆய்வாளர் கணக்கில் வருடம் 40 கோடி வீதம் 40 வருடம் கட்ட வேண்டும், மொத்தம் 1,600 கோடி. மூன்று தலைமுறைக்கு நிற்கும் பள்ளிக் கட்டடத்துக்கோ நீர்த்தேக்கத்துக்கோ கடன் வாங்குவது நியாயம். பத்து வருடத்தில் தேய்ந்துபோகும் பொருளுக்கு 40 வருடக் கடன் எனக்கு ஒப்புதல் இல்லை. எதற்குச் செலவாகும் என்ற பட்டியல் சட்ட வாசகத்தில் இருக்கும்.

உள்ளூர் வரிகளுக்கு ப்ராபோசிஷன்போல எண் கிடையாது, ஏ, பி என்று எழுத்துதான். பள்ளி பாண்டுக்கு 55 சதவீதம் போதும்; பார்சல் வரிக்குப் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பார்சல் வரி பெரும்பாலும் வீட்டின் விலையைப் பார்க்காது, மனைக்கு இவ்வளவு என்று வரும். மூத்தோருக்கு விலக்கு உண்டா, எந்த வருடம் முடியும் என்று இரண்டையும் பாருங்கள்.

வேட்பாளர்கள்

2010-ல் நிறைவேறிய ப்ராப் 14-க்குப் பிறகு, ஜனாதிபதி தவிர மாநில, காங்கிரஸ் பதவிகளுக்கு எல்லாக் கட்சியினரும் பிரைமரியில் (நவம்பருக்கு முன் நடக்கும் முதல்கட்டத் தேர்தல்) ஒரே பட்டியலில் நிற்பார்கள். முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும். 2016-ல் சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் செனட்டுக்குப் போட்டியிட்டபோது, எதிரில் நின்ற லொரெட்டா சான்செஸும் ஜனநாயகக் கட்சிதான். ஆகவே கட்சியைப் பார்த்து ஓட்டுப் போடும் பழக்கம் நவம்பரில் உதவாமல் போகலாம். உண்மையான தேர்வு பல சமயம் பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது. பிரைமரியை விட்டுவிடாதீர்கள்.

முதலில் அந்தப் பதவிக்கு என்ன அதிகாரம் என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் கமிஷனர் என்ற பெயரைப் பார்த்துப் பலர் கடந்துபோகிறார்கள். 1988-ன் ப்ராப் 103 அந்தப் பதவியைத் தேர்தலுக்குக் கொண்டுவந்து, வீடு, கார் இன்சூரன்ஸ் கட்டணத்தை உயர்த்த அவர் முன்அனுமதி வேண்டும் என்றது. 2023-ல் ஸ்டேட் ஃபார்ம் புதிய வீட்டு பாலிசிகளை நிறுத்தியதையும், 2025 ஜனவரியில் பாலிசேட்ஸிலும் ஆல்டடீனாவிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்ததையும் பார்த்தவர்கள் இந்தப் பதவியைச் சாதாரணமாக நினைக்க மாட்டார்கள். வேட்பாளர் இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் பணம் வாங்குகிறாரா, கட்டணத்தைக் கட்டுப்படுத்துவாரா அல்லது கம்பெனிகள் மாநிலத்தில் தங்கினால் போதும் என்கிறாரா? இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு உண்மையான இழுபறி இருக்கிறது. அதற்கு நேரான பதில் சொல்பவரை நான் மதிப்பேன்.

அதேபோல, மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் பெயர் பெரிது; ஆனால் உங்கள் பிள்ளையின் பள்ளியை மூடுவதா, ஆசிரியர் ஒப்பந்தம் என்ன, கணக்குப் பாடத்தில் யாரை எந்த வகுப்பில் போடுவது என்பதெல்லாம் உள்ளூர் பள்ளி வாரியத்தின் கையில். சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் முடிவாகும் தேர்தல்கள் அங்கே உண்டு. வாரியக் கூட்டத்தின் பதிவு இணையத்தில் இருக்கும்; வேட்பாளர் பேசியதைக் கொஞ்ச நேரம் கேட்டாலே நிறையத் தெரியும்.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் வாக்குறுதியை விட்டுவிட்டு வாக்கைப் பாருங்கள். உங்களுக்கு முக்கியமான ஒரு மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் எஸ்.பி. 403 மசோதா நம் வீடுகளிலெல்லாம் பேசப்பட்டது. இரு அவையிலும் நிறைவேறி, கவர்னர் வீட்டோ செய்தார். அதை ஆதரித்தவரோ எதிர்த்தவரோ, உங்கள் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று மாநிலச் சட்டமன்றத்தின் தளத்திலேயே பார்க்கலாம். வாக்கே பதிவு செய்யாதவர்களையும் கவனியுங்கள். 80 பேர் கொண்ட அசெம்பிளியில் ஒரு மசோதாவுக்கு 41 ஆதரவு வேண்டும் என்பதால், வாக்களிக்காமல் இருப்பது எதிர்த்து வாக்களித்ததற்குச் சமம். ஆனால் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டில் பெயருக்குக் கீழே இருக்கும் தொழில் குறிப்பை நம்பி முடிவு செய்யாதீர்கள். 'ஆசிரியர், தாய்', 'சிறுதொழில் உரிமையாளர்' போன்ற மூன்று வார்த்தைகளை வேட்பாளரே யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார். தபாலில் வரும் பரிந்துரை அட்டைகளிலும் எச்சரிக்கையாக இருங்கள். கட்சியின் பட்டியல் போலவே இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் இடம் பிடிக்கப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

நீதிபதிகளில் இரண்டு வகை. மாநில உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்றால் 'தொடரலாமா' என்று யெஸ், நோ மட்டும். 1986-ல் மரண தண்டனை விவகாரத்தில் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் உட்பட மூன்று பேரை மக்கள் இப்படி இறக்கினார்கள். ஒரே ஒரு தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக 'நோ' போடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஒழுங்கீனம் இருந்தால் போடலாம். கவுண்டி அளவிலான சுப்பீரியர் நீதிமன்றத்துக்கு உண்மையான போட்டி நடக்கும். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற இடங்களில் வழக்கறிஞர் சங்கம் வேட்பாளர்களைத் தரம் பிரித்து வெளியிடும். 'தகுதியற்றவர்' என்று வந்தவருக்கு மட்டும் போடாதீர்கள்.

குறியிட்டு அனுப்புவது

வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் சீட்டைத் தாங்களே நிரப்பட்டும். பெரியவர்களுக்குப் படித்துக் காட்டலாம், அவர்கள் சொன்னதைக் குறியிடவும் உதவலாம். முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

எவ்வளவு படித்தும் ஒன்று தெளியவில்லை என்றால் அதைக் காலியாக விடுங்கள். மற்ற ஓட்டுகள் செல்லும். குலுக்கல் மாதிரி குத்துமதிப்பாகப் போடும் ஓட்டு, அந்த விஷயத்தைப் படித்த உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டை அடித்துவிடுகிறது.

உறையில் கையெழுத்துப் போடும் இடத்தில் கவனம். டிரைவிங் லைசன்ஸிலோ பதிவு விண்ணப்பத்திலோ போட்ட கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். அப்பா பெயரை இனிஷியலாகவும் கடைசிப் பெயராகவும் மாற்றி மாற்றிப் போடும் நம்மவர்களுக்கு இதில்தான் சிக்கல் வரும்; பதிவில் எப்படியோ அப்படியே போடுங்கள். தேர்தல் நாள் தபால் முத்திரை இருந்து 7 நாளுக்குள் வந்து சேர்ந்தால் எண்ணுவார்கள், ஆனால் கடைசி நாளில் தபால்பெட்டியை நம்பாமல் இரவு 8 மணிக்கு முன் கவுண்டியின் ட்ராப் பாக்ஸில் போட்டுவிடுவது மேல். 'வேர்ஸ் மை பேலட்' தளத்தில் பதிந்துவைத்தால் சீட்டு எண்ணப்பட்டதும் குறுஞ்செய்தி வரும். கையெழுத்து பொருந்தவில்லை என்று கவுண்டியிலிருந்து கடிதம் வந்தால், அதில் உள்ள படிவத்தை நிரப்பிக் கெடுவுக்குள் திருப்பி அனுப்புங்கள், ஓட்டைக் காப்பாற்றிவிடலாம்.